மைனஸ் எண்பதில் ஒரு மஞ்சள் மூடி

அத்தியாயம் 4

"நகையைத் திருடுறான், சரி. வண்டியைத் திருடுறான், அதுவும் சரி. இதைப் போய் ஒருத்தன் திருடுவானா மேடம்?"

இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார் சைரன்.

இருபத்திரண்டு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். வண்டியின் சைரனை அணைத்தாலும் இந்த ஆளின் வாயை அணைக்க முடியாது என்று யாரோ வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆனால் அவர் பேசினதெல்லாம் வெட்டிப் பேச்சு இல்லை. பின்னால் படுத்திருப்பவருக்குத் தன் மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகப் பேசுவார். பத்துத் தெரு பாக்கி இருக்கும்போதும், "பயப்படாதீங்க, இதோ வந்துட்டோம், இன்னும் ரெண்டே தெரு" என்பார். பாதிப் பேர் அதை நம்பிப் பிழைத்துக்கொண்டார்கள். மீதிப் பேரை நினைக்கக் கூடாது என்றுதான் ஓய்வு பெற்றதும் இந்தத் துப்பறியும் அலுவலகத்தில் வந்து சேர்ந்தார். இங்கே காணாமல் போன பத்திரமும் ஓடிப்போன மாப்பிள்ளையும்தான் வரும், சாவு வராது என்பது அவர் போட்ட கணக்கு.

அலுவலகத்தின் முதலாளி அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். எல்லோருக்கும் 'மேடம்'. ஒரு நாளைக்கு நாற்பது வாக்கியம் பேசினால் அதில் முப்பது கேள்வியாக இருக்கும்.

ஆளுயர ஃப்ரீசர்கள் நான்கு வரிசையாக உறுமிக்கொண்டிருந்த அறையில், இவர்களை வரவழைத்த டாக்டரம்மா நின்றிருந்தார். ஊசி போடும் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர்.

"சிரிங்க, பரவாயில்ல. எங்க வீட்டுலயும் சிரிக்கத்தான் செய்யறாங்க," என்றார். "இருநூத்துப் பதினோரு பேரோட மலம் இங்க இருக்கு. எல்லாருக்கும் ஒரே வைரஸ் காய்ச்சல். ஒருத்தர் நாலு நாள் தும்மிட்டு வேலைக்குப் போயிட்டார். இன்னொருத்தருக்கு நுரையீரல் வரைக்கும் இறங்கி மூச்சு நின்னுடுச்சு. ஏன்?"

"காய்ச்சல் மூக்குல வருது. நீங்க எதிர்ப்பக்கமா தேடறீங்களே?" என்றார் சைரன்.

"குடல்ல கோடிக்கணக்குல பாக்டீரியா குடியிருக்கு. நாம சாப்பிடற நார்ச்சத்தைத் தின்னுட்டு அதுங்க சில பொருளை உண்டாக்குது. அது ரத்தத்துல கலந்து எதிர்ப்பு சக்திக்கு ரெண்டு சேதி சொல்லுதுன்னு நினைக்கிறோம். ஒண்ணு, 'எதிரி வந்துட்டான், எழுந்திரு.' ரெண்டாவது, 'அடிச்சது போதும், நிறுத்து.' பல பேர் சாகறது வைரஸால மட்டும் இல்ல. நிறுத்தத் தெரியாத அந்தச் சண்டையாலயும்தான்."

"எங்க வீட்டுல ரெண்டாவது சேதி சொல்ல ஆளே இல்லம்மா," என்றார் சைரன்.

மேடம் சிரிக்கவில்லை. "என்ன காணோம்?"

"மூணாம் நம்பர் ஃப்ரீசர், ரெண்டாவது தட்டு, நூத்து நாற்பத்தேழு. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு குப்பி. வெள்ளை மூடியில இருக்கறது செத்தது, அரைச்சுப் படிக்க மட்டும்தான் உதவும். மஞ்சள் மூடியில இருக்கறது உயிரோட இருக்கு. கிளிசரின்ல போட்டு மைனஸ் எண்பது டிகிரியில தூங்க வெச்சிருக்கோம். பக்குவமா எழுப்பினா எழுந்திரிக்கும். வெளியில கிடந்தா கரைஞ்சு கெட்டுடும். நாளன்னைக்கு எல்லாத்தையும் எழுப்பறதா இருந்தோம். இன்னைக்குக் காலைல எண்ணிப் பார்த்தா ஒரு மஞ்சள் மூடி குறையுது."

"வெள்ளை மூடி?"

"அது பத்திரமா இருக்கு."

மேடம் அந்தப் பதிலை எங்கோ முடிந்து வைத்துக்கொண்டது போலத் தலையை ஆட்டினாள். "யாரோடது?"

"எங்களுக்கு நம்பர்தான் தெரியும். பேர் இருக்கற நோட்டு தனியா பூட்டிக் கிடக்கு. ஆனா அந்தக் குப்பி ஞாபகம் இருக்கு. வீட்டுல எடுத்துக் குடுக்கும்போது ஸ்டிக்கர்ல நம்பரும் தேதியும் தவிர எதுவும் எழுதக் கூடாதுன்னு விதி. அதுல ஒரு குட்டி முகம் வரைஞ்சிருந்தது. மாத்தி ஒட்டட்டுமான்னு லேப் பசங்க கேட்டாங்க. நான்தான் இருக்கட்டும்னேன்."

மேடம் மூன்றாம் நம்பர் ஃப்ரீசரைச் சுற்றி வந்தாள். கதவின் ரப்பர் ஓரத்தில் விரலை ஓட்டினாள்.

"சைரன், மத்த மூணு கதவையும் பாருங்க."

பார்த்தார். மூலையிலெல்லாம் பனி கட்டி, கதவு ஒரு நூல் தூக்கிக்கொண்டு நின்றது. மூன்றாம் நம்பரில் மட்டும் துடைத்து வைத்தது போலச் சுத்தம்.

"இதை யார் சுத்தம் பண்ணது?"

டாக்டரம்மா விழித்தார். "யாரும் இல்லையே."

குளிர்நிலையைத் தானாகக் குறித்துக்கொள்ளும் கணினியைத் திறக்கச் சொன்னாள் மேடம். இரண்டு மாதமாக மைனஸ் எழுபத்து நாலு, எழுபத்தைந்து என்று தள்ளாடிக்கொண்டிருந்த கோடு, போன வியாழக்கிழமை மதியம் ஒன்று பத்துக்குச் சற்றே மேலே ஏறி இறங்கியிருந்தது. அதற்கப்புறம் மைனஸ் எண்பதில் நேர்கோடாகப் படுத்துவிட்டது.

"திருடன் வந்துட்டுப் போன பிறகு ஃப்ரீசர் முன்னைவிட நல்லா ஓடுது," என்றாள் மேடம்.

"எங்க வீட்டுக்கும் ஒரு நடை வரச் சொல்லுங்க மேடம்."

"ஒரு குப்பியை எடுக்க வந்தவன், கதவு சரியா மூடலைன்னு பார்த்திருக்கான். இப்படியே விட்டா இதுல இருக்கற மத்த குப்பியெல்லாம் கெட்டுடுமேன்னு நினைச்சிருக்கான். மாட்டிக்கற பயத்தோட நின்னு, பனியைச் சுரண்டி, துடைச்சு, மூடிட்டுப் போயிருக்கான். திருட வந்த இடத்துல வேலை பார்க்காம இருக்க முடியாதவன் யாரு?"

டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. "மெக்கானிக்... ஆனா அவர் ஆறு வருஷமா வர்றாரே. வாட்ச்மேன் பேர்கூட எழுத மாட்டார், நேரா உள்ளே விட்டுடுவார். வியாழக்கிழமை ஒண்ணாம் நம்பருக்கு ஃபேன் மாத்த வந்தார். நாங்க எல்லாரும் கீழே மீட்டிங்ல இருந்தோம்."

பூட்டிய நோட்டு வந்தது. நூற்று நாற்பத்தேழு: பெண், பதினைந்து வயது. நான்கு மாதம் முன்பு, காய்ச்சலின் பதினோராம் நாள் இறப்பு. கீழே தந்தையின் போன் நம்பர். டாக்டரம்மா அதைப் படித்தார். நிமிர்ந்து ஃப்ரீசர் கதவைப் பார்த்தார். 'பழுது ஏற்பட்டால் அழைக்கவும்' என்று ஒட்டியிருந்த சீட்டில் அதே நம்பர்.

"நடுவுல ரெண்டு மாசம் அவர் வரல," என்றார் மெல்ல. "வேற ஆளை அனுப்பினார். திரும்பி வந்தப்போ ஏன் வரலைன்னுகூட நான் கேட்கல. ஃப்ரீசர் ஓடுதான்னு மட்டும்தான் கேட்டேன்."

மேடம் நோட்டை மூடி அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"வெள்ளை மூடியைப் படிச்சாச்சா?" என்றாள் மேடம்.

"ஆச்சு. அந்தக் குடல்ல இருக்க வேண்டியதுல பாதிக்கு மேல இல்ல. காய்ச்சலே சிலதைக் கொல்லும். ஆனா இவ்வளவு காலியாகறது பெரும்பாலும் ஆன்டிபயாடிக் போட்டாத்தான். எங்க படிவத்துல 'மருந்து ஏதாவது கொடுத்தீர்களா'ன்னு கேட்டிருக்கோம். 'இல்லை'ன்னு பதில் இருக்கு. போன மாசம் மாணவர்கள் வந்தப்போ இதையெல்லாம் விளக்கினேன். தேவையில்லாம போட்ட மாத்திரை வைரஸைத் தொடாது, நமக்குக் காவல் இருக்கறதைத்தான் கொல்லும்னு..." நிறுத்தினார். "அவர் அந்த மூலையில உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கிட்டிருந்தார்."

*

காரைச் சைரன் ஓட்டினார். பின்சீட்டில் டாக்டரம்மா, மடியில் ட்ரை ஐஸ் எனும் உலர்பனி நிரப்பிய பெட்டி.

"ஆம்புலன்ஸ்ல ஏத்தினதும் நர்ஸ் முதல்ல இதைத்தான் கேட்பாங்க மேடம், என்ன மாத்திரை குடுத்தீங்கன்னு," என்றார் சைரன். வழக்கமான குரலில் இல்லை. "அப்பன் ஆயி ரெண்டு பேரும் பக்கத்துல இருந்தா பதில் வராது. ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தர் குடுத்திருப்பாங்க. தனியா கூப்பிட்டுக் கேட்டா வரும். இந்த ஆளும் அப்படித்தான். பொண்டாட்டிக்குத் தெரியாம குடுத்திருக்கான். புள்ளை போயிடுச்சு. இப்போ உண்மை அந்தக் குப்பிக்குள்ள இருக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அவளுக்குத் தெரிஞ்சா அவளும் போயிடுவான்னு பயம். எடுத்துட்டுப் போய்ச் சாக்கடையில ஊத்தியிருப்பான்."

"அப்போ வெள்ளை மூடியை ஏன் விட்டுட்டுப் போனான்?"

சைரன் கியரை மாற்றி, வண்டியைத் திருப்பினார்.

தெருவைப் பார்த்தபடி ஒரு ரிப்பேர் கடை, பின்பக்கம் வீடு. கதவு கழற்றிய குளிர்பதனப் பெட்டிகள் நடுவே ஒரு மனிதர் முதுகைக் காட்டி உட்கார்ந்து செம்புக் குழாயை வளைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து டாக்டரம்மாவைப் பார்த்ததும் குழாயைக் கீழே வைத்தார். ஓடவில்லை. மறுக்கவும் இல்லை.

"மூணாம் நம்பர் நல்லா ஓடுதுங்களா?" என்றார். "ரப்பர் தேஞ்சுபோச்சு, மாத்தணும். போன் பண்ணிச் சொல்லலாம்னு பார்த்தேன். எப்போ பார்த்தேன்னு கேட்பீங்களேன்னு விட்டுட்டேன்."

"குப்பி எங்கே?" என்றாள் மேடம்.

"மெதுவா பேசுங்கம்மா. என் சம்சாரம் உள்ளே இருக்கா."

கடையின் மூலையில் ஒரு பழைய பெட்டி. வெளியே பெயின்ட் உதிர்ந்த ஓட்டை உடைசல், ஆனால் கதவில் புத்தம் புது ரப்பர். பின்னால் ஒன்றுக்கு இரண்டாகக் கம்ப்ரெஸர் கோத்திருந்தது. மேலே சின்னத் திரையில் சிவப்பு எண்கள்: மைனஸ் எழுபத்தெட்டு.

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். "இதை நீங்களா கட்டினீங்க?"

"சாதாரணப் பெட்டி அவ்வளவு குளிராதுங்க. ஒண்ணு இன்னொண்ணைக் குளிர வைக்கற மாதிரி ரெண்டைச் சேர்க்கணும். மூணு வாரம் ஆச்சு. நாலு நாள் வெறுமனே ஓட விட்டுப் பார்த்தேன். நிக்குதுன்னு தெரிஞ்ச பிறகுதான் எடுத்தேன்."

சைரன் அந்தச் சிவப்பு எண்களையே பார்த்தார். சாக்கடையில் ஊற்றியிருப்பான் என்று இந்த வாயால்தான் சொன்னார்.

"எனக்குப் பல் பிடுங்கினப்போ மிச்சமிருந்த காப்ஸ்யூல், ஆறு," என்றார் மெக்கானிக், பின்பக்கக் கதவையே பார்த்துக்கொண்டு. "பாப்பாவுக்கு ரெண்டாம் நாள் காய்ச்சல் நூத்து மூணு. டாக்டர், இது வைரஸ், தானா அடங்கும், காத்திருங்கன்னார். கையைக் கட்டிக்கிட்டு எப்படிங்க காத்திருக்கறது? ரிப்பேருன்னா எதையாவது கழட்டி எதையாவது மாட்டித்தானே எனக்குப் பழக்கம்? மூணு நாள், காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ஆஸ்பத்திரியில கேட்டாங்க. பாப்பாவோட அம்மா பக்கத்துல நின்னா. இல்லைன்னுட்டேன்."

"சரி. எதுக்கு எடுத்தீங்க?"

"பாப்பா போன பிறகு அவ துணியெல்லாம் யார் யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க. தலைகாணியில வாசனைகூடப் போயிடுச்சு." அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். "மாணவர்கள் வந்தன்னைக்கு ஸ்க்ரூ முடுக்கிட்டிருந்தப்போ நீங்கதான் சொன்னீங்க, மஞ்சள் மூடிக்குள்ள இருக்கறது செத்ததில்ல, தூங்குதுன்னு. தட்டை நகர்த்தும்போது அந்தப் படத்தைப் பார்த்தேன். பாப்பா என்கிட்ட காட்டிட்டுத்தான் ஒட்டினா. நான் குடுத்ததுல பாதி செத்துப்போச்சு. ஆனா மீதி இருக்குல்ல? அவ உடம்புல குடியிருந்தது, இன்னும் உயிரோட இருக்குல்ல? உலகத்துலயே அவளோடதுன்னு உயிரோட இருக்கறது அது ஒண்ணுதாங்க. நீங்க நாளன்னைக்கு அதை எடுத்து அரைச்சுடுவீங்கன்னு நினைச்சேன்."



"இவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க," என்றார் மெக்கானிக் கைகூப்பி. "போலீசுக்கு வேணும்னாலும் வர்றேன். காப்ஸ்யூல் விஷயம் இவளுக்குத் தெரிய வேண்டாம்."

"எனக்குத் தெரியும்."

பின்பக்கக் கதவில் அந்த அம்மாள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கையில் நான்கு டம்ளர் தண்ணீர் வைத்த தட்டு. அது ஆடவில்லை.

"மொத காப்ஸ்யூலை அவளால முழுங்க முடியல," என்றாள். "தொண்டையில சிக்கிக்கிச்சு. துப்பிட்டு, அப்பா ஆசையா குடுத்தாரு, சொல்லிடாதம்மான்னு என்கிட்ட குடுத்தா. நான்தான் பிரிச்சு, தூளைத் தேன்ல குழைச்சுக் குடுத்தேன். அப்புறம் ஒவ்வொரு தடவையும் நீங்க தலைகாணிகிட்ட வெச்சுட்டுப் போவீங்க. நான் எடுத்துக் குழைச்சுக் குடுப்பேன். ஆறையும் நான்தாங்க குடுத்தேன்."

மெக்கானிக் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தப் படிவத்துல இல்லைன்னு எழுதினதும் நான்தான். நீங்க ஆஸ்பத்திரியில இல்லைன்னு சொன்னப்போ, எனக்காகத்தான் மறைக்கறீங்கன்னு நினைச்சேன். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்." தட்டை ஒரு கதவில்லாத பெட்டியின் மேல் வைத்தாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். நானும் சொல்லல, அவளும் சொல்லல. உங்க மனசு நோகக் கூடாதுன்னு."

நான்கு மாதம் ஒரே வீட்டில் ஒரே குற்றத்தை இரண்டு பேரும் தனித்தனியாகச் சுமந்திருக்கிறார்கள். எத்தனையோ வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியவர் சைரன். இப்படி ஒரு வாசலில் அவர் நின்றதில்லை.

மெக்கானிக் டாக்டரம்மாவிடம் திரும்பினார். "அதனாலதானா?"

"என்னது?"

"அந்த ஆறு காப்ஸ்யூலாலதான் பாப்பா போயிட்டாளா?"

டாக்டரம்மா ஒரு பொய்யைத் தேடினார். முகத்தில் தெரிந்தது. பிறகு அதைக் கைவிட்டார். "தெரியாது. நூறு பேர், இருநூறு பேரைச் சேர்த்துப் பார்த்தா ஏதோ தெரியற மாதிரி இருக்கு. ஒரு குழந்தையை வெச்சு, இதனாலதான்னு சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. குடுக்காம இருந்திருந்தாலும் போயிருக்கலாம்."

"இந்தக் குப்பியை ஆராய்ஞ்சா தெரியுமா?"

"அப்பவும் தெரியாது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

தண்டனை கிடைக்கும் என்று காத்திருந்த மனிதருக்கு அதுவும் கிடைக்கவில்லை. முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மனைவி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வரவில்லை. தீர்ந்துபோயிருக்கும்.

அவள்தான் டாக்டரம்மாவிடம் கேட்டாள். "எடுத்துட்டுப் போனா என்ன செய்வீங்க? அரைச்சுடுவீங்களா?"

"இல்லம்மா. துளி எடுத்து எழுப்புவோம். எதெல்லாம் எழுந்திரிக்குதுன்னு பார்ப்போம். மீதியைத் திரும்பத் தூங்க வெச்சுடுவோம்."

"எழுந்திரிக்குமா?"

"சிலது கண்டிப்பா எழுந்திரிக்கும்."

அவள் கணவனைப் பார்த்தாள். "நம்ம பெட்டியில கரண்ட் போனா என்னங்க பண்றது? அங்கேன்னா ஜெனரேட்டர் இருக்கும்." பிறகு டாக்டரம்மாவிடம், "எழுப்புங்க. எழுந்திரிச்சா எனக்கு ஒரு போன் பண்ணுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

மெக்கானிக் கையுறை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். உள்ளே அத்தனை பெரிய பெட்டியில் அது ஒன்றுதான் இருந்தது. உலர்பனிக்குள் இறக்கும்முன் ஒரு விநாடி நிறுத்தினார். "இந்தப் படம்... பிய்ச்சா கிழிஞ்சுடும். காலியானதும் குடுப்பீங்களா?"

"நானே கொண்டுவந்து குடுக்கறேன்," என்றார் டாக்டரம்மா. "மூணாம் நம்பருக்கு ரப்பர் மாத்த நீங்கதான் வரணும்."

அந்த விநாடியில் சைரன் படத்தைப் பார்த்துவிட்டார். விரல் நகம் அளவு ஒரு குட்டி முகம். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தது.

காலையில் அவர் அடித்த அதே ஜோக். நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில், பதினைந்து வயதில், அவருக்கு நான்கு மாதம் முன்னாலேயே அவள் அடித்துவிட்டாள்.

*

திரும்பும்போது பெட்டியை மேடமே மடியில் வாங்கிக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். சைரன் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் வண்டியைக் குலுக்காமல் உருட்டினார். பின்னால் ஹாரன் அடித்தவர்களை அவர் திட்டவில்லை.

"ஏதாவது பேசுங்க சைரன்," என்றாள் மேடம். அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் குரல் சரியில்லை.

சைரனுக்கு ஜோக் ஒன்றும் வரவில்லை. ஆராய்ச்சிக்கூடத்துக்கு இன்னும் பாதி ஊரைக் கடக்க வேண்டும். சிக்னலில் வண்டி நின்றபோது இடது கையை நீட்டி அந்தப் பெட்டியின் மூடியை மெல்லத் தொட்டார்.

"பயப்படாதம்மா," என்றார். "இதோ வந்துட்டோம். இன்னும் ரெண்டே தெரு."